உடைத்துக் கொடுத்த வெல்லம்

கட்டிலில் பெட்டி திறந்து கிடக்கிறது. நாளைக்குக் கொச்சியில் விமானம் ஏற வேண்டும். சற்று முன் உன் மகள் வந்து ஒரு தகர டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். மூடியை நெம்பியதும் எழுந்த வாசனையில், மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டேன். காய்ச்சிய கரும்புச்சாறும் கொட்டகைப் புகையும் கலந்த வாசனை. "குளிச்சிட்டுத்தான்டி வந்தேன்" என்று நீ எத்தனை தடவை சத்தியம் செய்தாலும் உன் சேலையை விட்டுப் போகாத அதே வாசனை.

டப்பாவுக்குள் அரை உருண்டை வெல்லம் இருக்கிறது. நான்கு வருஷமாக யாரையும் தொடவிடவில்லையாம் நீ. "எறும்பு ஏறுனாக்கூட அம்மா எம்மேலதான் எரிஞ்சு விழும் சித்தி" என்றாள் உன் மகள். அது எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். இதைப் பெட்டியில் வைப்பதற்கு முன் உன்னோடு கொஞ்சம் பேச வேண்டும். கொஞ்சம் சண்டையும் போட வேண்டும்.

நான் முதன்முதலாக ஜெர்மனிக்குக் கிளம்பிய சமயம் அது. மூணாறில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளுக்கு அங்கே வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் ஒரு வயதான தம்பதியின் வீட்டு மாடியில் தங்க ஏற்பாடு. பாஷை சொல்லிக்கொடுத்த வகுப்பில் எச்சரித்திருந்தார்கள்: தங்கப்போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள், பெரிதாகவும் எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், சிறியதாக, உடையாததாக, உங்கள் ஊரைச் சொல்வதாக ஏதாவது கொண்டுபோங்கள். கேட்க எளிதாகத்தான் இருந்தது. கடைக்குப் போய்ப் பார்த்தால் அல்லவா தெரிகிறது.

மூணாறு பஜாரில் நாம் இருவரும் ஏறாத கடை இல்லை. நான் எடுத்த எதுவும் உனக்குப் பிடிக்கவில்லை. மரயானையைத் தூக்கிப் பார்த்து, "அவுக பேரப்புள்ளைக்குப் பல்லு மொளைக்கையில கடிக்கக் குடுக்கலாம்" என்றாய். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற கதகளி முகத்தைக் கடைக்காரர் காதுபடவே பேய் என்றாய். தேயிலைப் பொட்டலத்தை எடுத்தேன். "நல்ல தேயில பூராம் அங்கிட்டுத்தான் போகுது, நமக்குக் கெடைக்கிறது தூசி. இந்தத் தூசியக் கொண்டுபோய் அவுகளுக்கே குடுப்பியா?" நம் மறையூர்க் காட்டுச் சந்தனத்தில் ஏதாவது வாங்கலாமா என்று வாயைத் திறந்ததும் பெரிதாகக் கும்பிடு போட்டாய். "மறையூர்க்காரி சந்தனத்தோட கெளம்புனா ஜெர்மனி வரைக்கும் எதுக்குடி? செக்போஸ்ட்லயே எறக்கி உக்கார வெச்சிருவான்."

திரும்பி வரும் பஸ்ஸில்தான் சொன்னாய். "நா சர்க்கரை உருட்டித் தாரேன். ஆரஞ்சுப்பழம் அளவுக்கு மூணே மூணு. கனமும் இல்ல, எடத்தையும் அடைக்காது." நம் ஊரில் வெல்லத்தைச் சர்க்கரை என்றுதானே சொல்வோம். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பாகின் சூடு ஆறுவதற்குள் கையால் அள்ளி உருட்டுகிற வெல்லம். உருட்டியவரின் விரல்தடம் அதில் பதிந்து நின்றுவிடும். அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் மறையூர்ச் சரக்கு என்று நம்பி வாங்குகிறார்கள். உன் தடத்தை நான் எந்தக் குவியலிலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆலையில் உருட்டுகிற ஆண்களைவிட உனக்குக் கை பெரிது.

நீ வெல்லம் காய்ச்சுகிற அந்தக் கொட்டகை வேலைக்கு வந்த காரணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். உன் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டினார். ஒருநாள் முகம் தெரிந்த ஆள் ஒருவன் வழியில் ஒரு சாக்குமூட்டையை ஏற்றி, மறையூரில் இறக்கினால் ஆள் வந்து வாங்கிக்கொள்ளும் என்றானாம். இவர் அவிழ்த்துப் பார்க்கவில்லை. செக்போஸ்டில் அவிழ்த்துப் பார்த்தார்கள். உள்ளே கஞ்சா. தெரியாது என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. நான் கிளம்பிய சமயத்தில் அவர் ஜெயிலில்தான் இருந்தார், நீ பாகு கொதிக்கிற கொப்பரையடியில் வெந்துகொண்டிருந்தாய்.

பயணத்துக்கு முதல்நாள் மதியம் உன் மகளிடம் பார்சலைக் கொடுத்தனுப்பினாய். மூன்று உருண்டைகளையும் வாழைச்சருகில் சுற்றி நாரால் இறுக்கிக் கட்டியிருந்தாய். என் வீட்டுக்காரர் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு என்னை வழியனுப்ப வந்திருந்தார். பார்சலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"இது ஆரு குடுத்தது?"

சொன்னேன்.

"அந்தப் புள்ளையோட ஊட்டுக்காரன் எதுக்கு உள்ள கெடக்கறான்னு தெரியுமல்ல?"

"அவரு கத வேற. இவ எதுக்கு அதுல வாரா?"

"நான் அந்தப் புள்ளையக் கொற சொல்லல. அதுக்கே தெரியாம ஆராச்சும் எதையாச்சும் உள்ள வெச்சிருந்தா? கல்ஃபுக்கு ஊறுகா பாட்டல் கொண்டுபோயி மாட்டிக்கிட்டவங்களக் கேள்விப்பட்டதில்லையா நீயி? அங்க நின்னு அளுதா ஆருக்குப் புரியும்? வேல போவும், மானம் போவும், உன்ன மறுபடி பாக்கறதுக்கே எத்தன வருசமாவுமோ."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் தொல்லை. கத்தியை எடுத்து நாரை அறுக்கப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன். அவிழ்த்துப் பார்த்தால் உன்னைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அவிழ்க்காமல் கொண்டுபோனால், உருண்டைக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கொட்டகைக்குப் பலரும் வந்து போகிறார்கள். உன் வீட்டுக்காரரை மாட்டிவிட்டவனும் இதே ரோட்டில்தான் நடமாடிக்கொண்டிருந்தான். பார்சலைப் பெட்டியில் வைக்கவும் மனம் வரவில்லை, திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை. அலமாரி மேல் வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினேன்.

காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது, பின்னாலேயே நீயும் வந்தாய். நேரே என்னிடம் வருவாய் என்று நினைத்தேன். உன் கண் பூட்டிய பெட்டிக்கும் அங்கிருந்து அலமாரி உச்சிக்கும் போயிற்று. எம்பிப் பார்சலை எடுத்தாய். அம்மியடியில் போய் உட்கார்ந்து, நாரைப் பல்லால் கடித்து அறுத்தாய். குழவியைத் தூக்கி முதல் உருண்டையின் மேல் ஒரே போடு.

கோபத்தில் உடைக்கிறாய் என்றுதான் நினைத்தேன். "ஏடி, விடுடி" என்று ஓடிவந்தேன். இரண்டாக விண்டதை இரண்டு கையிலும் ஏந்தி என் வீட்டுக்காரரிடம் நீட்டினாய்.

"அண்ணே, நல்லாப் பாத்துக்கிடுங்க. உள்ள ஒண்ணுமில்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாருங்கண்ணே" என்றாய் மறுபடியும். அவர் பார்த்த பிறகுதான் அடுத்த உருண்டையை எடுத்தாய். மூன்றையும் உடைத்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"எம் புருசன் வண்டியில சாக்க ஏத்துனவன் இப்பிடி அவுத்துக் காட்டியிருந்தா, அந்த மனுசன் இன்னைக்கு வீட்ல இருந்திருப்பாரு. எங்கிட்டருந்து போற சாதனம் ஒன்னைய மாட்டிவிடக் கூடாது. அம்புட்டுத்தான்."

ஐந்து பாதிகளைச் சருகில் சுற்றி என் கையில் வைத்தாய். ஆறாவதை முந்தானையில் முடிந்துகொண்டாய்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். அங்க எவனாச்சும் ஆரு குடுத்ததுன்னு கேட்டா இல்லேன்னு சொல்லிறாத. எம் பேரச் சொல்லு, ஊரச் சொல்லு. நாந்தான்னு சொல்ல இந்தப் பாதியோட வந்து நிக்கேன். பொருந்துதா இல்லையான்னு அவனே வெச்சுப் பாக்கட்டும்."

பாஸ்போர்ட் என்பதைக் கண்ணால் பார்க்காதவள், உடுமலையைத் தாண்டி அதிகம் போகாதவள், ஜெர்மனிக்கு வந்து சாட்சி நிற்பதாகச் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொச்சியில் கவுன்டர் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: யாராவது கொண்டுபோகச் சொல்லி ஏதாவது தந்தார்களா? இல்லை என்று சொல்லிவிட்டால் பிரச்சினையே இல்லை, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் ஆமாம் என்றேன். என்ன பொருள் என்றாள். மறையூர்ச் சர்க்கரை என்றதும் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தள்ளிவிட்டாள். அவளுக்கு அது தெரியும். போய் இறங்குகிற இடத்தில் யாருக்குத் தெரியும்?

பயந்தபடியே ஆயிற்று. அந்த ஊர் விமான நிலையத்தில் கையுறை போட்ட அதிகாரி ஒருவர் சருகைப் பிரித்து, கறுப்பும் பழுப்புமான ஒரு பாதியை விளக்குக்கு நேராகத் தூக்கினார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்தத் தம்பதி என் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவர்களுக்கும் நான் தெரிந்தேன்.

"இதை நீங்களே கட்டினீர்களா?"

"இல்லை. என் தோழி கட்டியது."

"அவரை எவ்வளவு நாளாகத் தெரியும்?"

"ஒன்றாம் வகுப்பிலிருந்து."

"பெயர்?"

உன் பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். அவர் ஒரு காகிதத் துண்டால் உடைந்த பக்கத்தைத் துடைத்து ஒரு இயந்திரத்தில் செருகினார். காத்திருந்தேன். படித்த பாஷை அத்தனையும் மறந்துபோயிற்று. உன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் பயம் இருந்தது. அந்த இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெல்லத்தில் பதிந்திருந்த உன் நான்கு விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை விளக்கு எரிந்தது. அதிகாரி அதை மோந்து பார்த்து, "இனிப்பா?" என்றார். முழுதாக இருந்திருந்தால் நாங்களே உடைத்திருப்போம், வெகுநேரம் ஆகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே சருகைச் சுற்றத் தெரியாமல் சுற்றிக் கொடுத்தார்.

அந்த வீட்டு மேசையில் பார்சலைப் பிரித்த வீட்டுக்கார அம்மா ஐந்து துண்டுகளையும் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். இரண்டு ஜோடி சேர்ந்தது. ஒன்று மிஞ்சியது. இதன் இன்னொரு பாதி எங்கே என்று கேட்டார். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. "எங்கள் ஊர் வழக்கம். உடைத்துத்தான் கொடுப்போம். கொடுப்பவர் ஒரு பாதியை வைத்துக்கொள்வார்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டேன். அவர் அதை நம்பிவிட்டார். நான்கு துண்டும் காபியில் கரைந்தன. அந்த ஒற்றைப் பாதியை மட்டும் கண்ணாடி ஜாடியில் போட்டுச் சன்னலோரம் வைத்தார். கிறிஸ்துமஸுக்கு அவர் செய்த தேன் ரொட்டியை இரண்டாகப் பிட்டு ஒன்றை எனக்குத் தந்து, மற்றதைத் தன் டப்பாவில் பத்திரப்படுத்தினார். போனில் இதைச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் எனக்குக் காது வலித்தது. "ஏடி, அப்பிடி ஒரு வழக்கம் எந்த ஊர்லடி இருக்கு?"

அன்றைக்குத்தான் துணிந்து கேட்டேன், பார்சலை அலமாரி மேல் பார்த்தபோது உனக்கு வருத்தமா என்று. "வருத்தந்தான். ஆனா நீ அவுக்கல பாரு" என்றாய். பேச்சை மாற்றி மழையைப் பற்றி ஆரம்பித்துவிட்டாய்.

இப்போது சண்டை. போன மழைக்காலத்தில் இரண்டு மாதமாக இடது தோள் வலிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய். நர்ஸாக இருக்கிற எனக்கு மட்டும் சொல்லவில்லை. கொப்பரை கிளறின வலி என்று நீயே வைத்தியம் பார்த்துக்கொண்டாய். உடுமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு அங்கே லீவு கிடைக்கவில்லை. உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. மூன்று உருண்டையை உடைத்துக் காட்டத் தெரிந்தவளுக்கு, நெஞ்சில் இருந்ததை ஒரு தடவை திறந்து காட்டத் தெரியவில்லை. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது.

டப்பாவில் இருந்த பாதி கறுத்து, ஓரமெல்லாம் கசிந்து மழுங்கியிருக்கிறது. சன்னலோரத்துப் பாதியோடு இனிப் பொருந்துமா தெரியவில்லை. ஆனால் முதுகில் உன் விரல்தடம் அப்படியே இருக்கிறது. என் விரல்களை வைத்துப் பார்த்தேன். எட்டவில்லை, உன் கை பெரிது.

சருகில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நாரை அவரே கட்டிக் கொடுத்தார். நாளைக்குக் கவுன்டரில் கேட்பார்கள், யாராவது கொண்டுபோகச் சொல்லி ஏதாவது தந்தார்களா என்று. ஆமாம் என்பேன். யார் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்வேன், ஊரைச் சொல்வேன். நீ வந்து நிற்பதாகச் சொன்ன அந்தப் பாதியோடு நானே நிற்பேன்.