நாள் தெரியாமல் போனவர்கள்

ஆகஸ்ட் 29, 2025

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதே, அந்த வருஷம்தான் நான் உறையூர் டாக்டரம்மாவுக்குக் குதிரைவண்டி ஓட்டச் சேர்ந்தேன். வியன்னா ஊர்க்காரங்க. யூத இனம். ஹிட்லர் ஆளுங்க அவங்களை முழங்காலில் உட்காரவைத்து, ரோட்டைப் பிரஷ்ஷால் தேய்க்கவிட்டுச் சுத்தி நின்னு சிரிச்சானுங்களாம். தப்பிச்சு இங்கே வந்து, சாகிறவரைக்கும் இங்கேயே வைத்தியம் பார்த்தாங்க.

இன்னிக்கு எதுக்கு அந்த நெனப்பு? பேரன் தமிழ்மணி ஜிம் திறக்கிறான். போர்டு வந்து இறங்கியிருக்கு. எனக்கு எழுத்து தெரியாது. இதையே போன்கிட்ட பேசித்தான் எழுதவைக்கிறேன். ஆனா போர்டுப் படத்தில் இருக்கிற அந்த ஹிட்லர் மீசை தெரியும்.

ஆகஸ்ட் 30

ஜிம்முக்கு எதுக்குடா அவன் பேரும் படமும்னு தமிழ்மணியைக் கேட்டேன்.

"ஹிட்லர்னா டிசிப்ளின் தாத்தா. எங்க ஹெட்மாஸ்டரையே அப்படித்தான் கூப்பிடுவோம்."

"உங்க ஹெட்மாஸ்டர் பச்சப்புள்ளைங்களைக் கொன்னாராடா?"

"வெள்ளைக்காரனை எதிர்த்தவன் தாத்தா அவன்."

"டாக்டரம்மா தங்கச்சியோட கைக்குழந்தையா இந்தியாவை ஆண்டுச்சு?"

மருமகள் பானுமதி குறுக்கே வந்தாள். "விடுங்க மாமா, பேருதானே."

பேருதானாம்.

செப்டம்பர் 2

வண்டியில் வரும்போது ஒருநாள் டாக்டரம்மா சொன்னாங்க. அப்பா, அம்மா, தங்கச்சி, அவ குழந்தை. மாடு ஏத்துற ரயில்பெட்டியில் அடைச்சுக் கொண்டுபோனானுங்க. இறங்கினதும் குளிக்கணும்னு சொல்லி அறைக்குள்ளே விட்டு, கதவைச் சாத்தி, விஷவாயு. "என்னிக்குன்னுகூடத் தெரியாது வீரமலை." அழலை.

நாள் தெரியாதவங்களுக்குத்தான் எங்களுக்கு மகாளய அமாவாசை இருக்குங்கம்மான்னேன். அந்த வருஷமே ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன். அவங்க படியிலேயே நின்னாங்க. தண்ணி விட்டது நான்.

இதுவரை ஒரு வருஷம் தவறலை. எனக்கப்புறம்? தமிழ்மணின்னு நெனச்சிருந்தேன் – நான் ஒரு பைத்தியக்காரன்.

செப்டம்பர் 4

திறப்பு விழா. மகாளயம் பிறந்துட்டா நல்ல காரியம் கூடாதுன்னு அவ்வளவு அவசரம். அதெல்லாம் அவனுக்குத் தெரியுது. குத்துவிளக்கு ஏத்தக் கூப்பிட்டான். போகலை.

செப்டம்பர் 12

பேச்சுவார்த்தை இல்லை. ஜிம்மில் கூட்டம் அள்ளுதாம்.

செப்டம்பர் 21

அமாவாசை. தமிழ்மணிதான் பைக்கில் கூட்டிக்கிட்டுப் போனான். செத்துப்போன அவன் அப்பனுக்குத் தண்ணி விடணுமே. டீ-சர்ட் முதுகில் அந்த மீசை. காவிரிப் பாலம் நெடுக அதையே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வேற எதைப் பிடிக்க?

"சட்டையைக் கழட்டிடுங்கோ" என்றார் சாஸ்திரிகள். உடனே கழட்டினான். நான் இத்தனை நாளாய்ச் சொன்னதுக்கு அசையாதவன்.

அப்பனுக்கு எள்ளும் தண்ணியும் விட்டான். "இன்னும் நாலு பேர் இருக்காங்கடா. நீயே விடு."

"அது உன் ஆளுங்க தாத்தா, நீ விட்டுட்டு வா. பசங்க ஜிம் வாசல்ல நிக்கிறானுங்க." படியேறிப் போய் மறுபடி மாட்டிக்கிட்டான்.

சாஸ்திரிகள் ஊருக்குப் புதுசு. கோத்திரம் கேட்டார். தெரியாது சாமி. சரி, பேரைச் சொல்லுங்கோ என்றார்.

யாக்கோப். ரோசா. இல்சா. குழந்தை மிரியம்.

"இவாள்லாம் உங்களுக்கு என்ன வேணும்?"

எள்ளை அள்ளி நாலு பேருக்கும் நானே தண்ணி விட்டேன். டாக்டரம்மா வாயால் இந்தப் பேருங்களைக் கேட்டவங்களே மூணு பேர். கம்பவுண்டர் பெஞ்சமின் போயிட்டார். என் சம்சாரம் ஆனந்தவள்ளி போயிட்டா. மிச்சம் வீரமலை.