அளவுச் சீட்டு இல்லாத சட்டை

மார்ச் 4, செவ்வாய்

ஓவர்லாக் மெஷின் மறுபடியும் நூலை மென்று துப்பியது. மெக்கானிக் வந்தார். அவர் வந்தால் மாமா டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். "எண்ணெய் டப்பா வந்தாச்சு, இனி கடை பூரா மண்ணெண்ணெய் வாசனைதான்" என்று போகும்போது ஒரு முணுமுணுப்பு.

மாமா போனதும் மெக்கானிக் தலையைத் தூக்காமலே கேட்டார், அவரிடம் எப்போது சொல்லப் போகிறேன் என்று. அடுத்த வாரம் என்றேன். "உங்க காலண்டர்ல அந்த ஒரு வாரம் மட்டும் வரவே மாட்டேங்குதே" என்றார். சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

என்ன சொல்வது மாமாவிடம்? உங்கள் மகன் இறந்து இது மூன்றாவது வருடம், எனக்கு இன்னொருவரைப் பிடித்திருக்கிறது என்றா? மகன் போனபிறகு அவர் என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. அவன் நின்ற கட்டிங் மேசையில் என்னை நிற்க வைத்தார். கத்திரி பிடிக்கத் தெரியாமல் நான் பாழாக்கிய துணிக்கெல்லாம் வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியவர் அவர். இப்போது நான் வெட்டுகிறேன், அவர் தைக்கிறார். கீழே கடை, மேலே வீடு. இரண்டிலும் நாங்கள் இருவர்தான்.

மார்ச் 8, சனி

மெக்கானிக்குக்கு ஒரு சட்டை வெட்டினேன். நீலம், மெல்லிய கோடு. நாளை மாமா தூங்கும்போது நானே தைத்துவிடலாம் என்று மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன். திருட்டுத்தனம்தான். ஆனால் வெட்டி முடித்ததிலிருந்து கை லேசாக இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

நேற்று நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. தைக்க முடியவில்லை. இன்று பள்ளிச் சீருடை அவசரத்தில் துணிகளை அள்ளி மாமா பக்கம் வைத்தபோது நீலமும் சேர்ந்து போயிருக்கிறது. எனக்கு உறைத்தபோது அவர் காலரை மூட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் கடையில் ஒரு சட்டம். அளவுச் சீட்டு குத்தாத துணி மெஷினுக்குப் போகாது. மாமா கேட்டார்: "சீட்டு இல்லாம வந்திருக்கு. யாருது இது?"

புதுக் கஸ்டமர், சீட்டு எங்கேயோ விழுந்துவிட்டது என்றேன். பொய் வாயில் தயாராக இருந்ததுதான் எனக்கே பயமாக இருந்தது.

அவர் முன்பாகம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். இடது தோள் அரை விரல் இறங்கியிருந்தது. "இடது தோள்ல பாரம் தூக்கற ஆளு" என்றார். அவ்வளவுதான். மறுபடி மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டார்.

மெக்கானிக் பையை எப்போதும் இடது தோளில்தான் மாட்டுவார். நான் அவர்மேல் டேப் வைத்ததே இல்லை. என் கை என்னைக் கேட்காமலே அந்தச் சரிவைக் கொடுத்திருக்கிறது. இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன?

மார்ச் 12, புதன்

மாமா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. ஆனால் வாய் திறப்பதில்லை. எனக்கு முன்பே சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுகிறார். சட்டையைத் தைத்து, காஜா எடுத்து, தேய்த்து, பொட்டலம் கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறார். இதற்குத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 15, சனி

மெக்கானிக் மாதாந்திர எண்ணெய் போட வந்தார். மாமா இன்று டீக்குப் போகவில்லை. எழுந்து பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"உங்க சட்டை. சரியா இருக்கும். வெட்டின கை தப்பாது."

மாடிப்படி ஏறிப் போய்விட்டார். மெக்கானிக்குக்குச் சட்டை விஷயமே தெரியாது. பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். கோபப்பட மாட்டார் என்று நினைத்திருந்தேன்.

"நான் வந்து மரியாதையா கேட்டிருப்பேன். இப்ப அவர் முன்னாடி என்னைத் திருடனா நிக்க வெச்சுட்டீங்க" என்றார். எண்ணெய் போடாமலே போனார். பொட்டலத்தை எடுத்துப் போனாரா என்று பார்த்தேன். எடுத்துத்தான் போயிருந்தார்.

மார்ச் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன். சமையலறை வாசலில் மாமாவை மறித்து நின்று, நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் என்றேன்.

"நீ எங்க என்கிட்ட கேட்ட? கடைக்கு வர்றவங்ககிட்ட சொல்ற பொய்யை என்கிட்ட சொல்லிட்ட."

அதோடு நிறுத்தியிருக்கலாம் நான். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் — எனக்கு என்ன ஆச்சு, எங்கேர்ந்து வந்துச்சு அந்த வார்த்தை — "உங்க பையன்தான் செத்தான் மாமா, நான் சாகல" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. சிந்தாமல் மேடையில் வைத்துவிட்டு அறைக்குள் போனார்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் நூறு தடவை எழுதியிருப்பேன். எழுதி என்ன பிரயோஜனம்? ஆனால் சொன்னது பொய்யும் இல்லையே. நான் சாகவில்லை. நானும் அழுதேன், அவரோடு சேர்ந்து அழுதேன், அதற்கு மேல் என்ன பண்ணணும் நான்?

மார்ச் 20, வியாழன்

மாமா போய்விட்டார்.

காலையில் எழுந்து பார்த்தால் கட்டில் விரிப்பு மடித்திருக்கிறது. கடையில் அவர் மெஷினுக்கு உறை போட்டிருக்கிறது. பகலில் வேலை நாளில் அந்த உறையை நான் பார்த்ததே இல்லை. மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். அப்பா அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாராம். "அப்பா இங்கயே இருக்கட்டும் அண்ணி. நீங்க உங்க வாழ்க்கையைப் பாருங்க" என்றாள். நல்ல மனசில் சொன்னாளா, குத்திச் சொன்னாளா? நாள் முழுக்க அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

குறை சொல்ல ஆள் இல்லாமல் வேலை ஓடவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 29, சனி

கூப்பிடாமலே மெக்கானிக் வந்தார். உறை போட்ட மெஷினைப் பார்த்துப் புரிந்துகொண்டார். மாமா இல்லாமல் இந்தக் கல்யாணத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றேன். தலையாட்டினார். அவரை விட்டுவிட்டு வர வேண்டும் என்று தான் ஒருநாளும் கேட்டதில்லையே என்றார். பிறகு:

"அவர் கடைசிவரைக்கும் ஒத்துக்கலைன்னா? என்னை விட்டுடுவீங்களா?"

இல்லை என்று உடனே வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த இடைவெளியை அவர் பார்த்துவிட்டார். பையை மாட்டிக்கொண்டு, ஊசி மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவர் நான் பேசியதால் போனார். இன்னொருவர் நான் பேசாததால் போகிறார். சாமர்த்தியக்காரிதான் நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் வீட்டுத் திரைச்சீலைக்குக் கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். நாத்தனார் காபி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்லவள்தான்.

அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். கேட்காதவர்போல் நூலைக் கடித்தார். அதற்காகவா வந்துவிட்டீர்கள் என்றேன். இல்லை என்று தலையசைத்தார்.

"அவனை வாசல்ல நின்னு அனுப்பி வெச்சேன். நீ போறதையும் நின்னு பாக்க என்னால ஆகாதும்மா. அதான் நான் முந்திக்கிட்டேன்."

எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. நான் எங்கே போகிறேன் என்று யார் சொன்னார்கள்? மெக்கானிக் இருப்பது வாடகை அறை, நம் வீட்டில் இடம் இல்லையா என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கே பேருந்தில் வரும்போதுதான் தோன்றியது.

"மருமகளுக்கு வீட்டோட மாப்பிள்ளையா? கேட்டா ஊரே சிரிக்கும்."

சிரிக்கட்டும் என்றேன். மாமா ஊசியில் புது நூல் கோத்தார். பிறகு, மகன் உட்கார்ந்த நாற்காலியில் மெக்கானிக் உட்காரக் கூடாது என்றார். என்னாலும் அதைப் பார்க்க முடியாது என்றேன். அப்போதுதான் இருவரும் அழுதோம்.

ஆனால் என்னோடு அவர் வரவில்லை. "பாக்கலாம், நீ கிளம்பு" என்றார். பேருந்து நிறுத்தம்வரைகூட வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நானே மெக்கானிக் அறைக்குப் போனேன். அன்று வராத "இல்லை"யைச் சொன்னேன். மாமா ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் விட மாட்டேன், எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றேன். ஆனால் அவர் வரும்வரை அவர் மெஷினை வேறு யாரும் தொடக் கூடாது, அவர் கட்டில் அங்கேயேதான் இருக்கும் என்றும் சொன்னேன். வீட்டோடு மாப்பிள்ளை என்ற வார்த்தை மெக்கானிக்குக்கும் சுருக்கென்றுதான் தைத்தது. யோசிக்க வேண்டும் என்றார். யோசிக்கட்டும். நானும்தான் எத்தனை அடுத்த வாரங்கள் கேட்டேன்.

மே 3, சனி

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். நாத்தனார் சாட்சிக்கு வந்தாள். மாமா வரவில்லை. வாசலில் கார் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். மெக்கானிக் அதைக் கவனித்தார்.

மே 18, ஞாயிறு

புதன்கிழமை மாமா ஒரு பையோடு வந்து நின்றார். மகள் வீட்டில் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம். நல்லது, தூசிக்கு நன்றி. நேராக மெஷினில் உட்கார்ந்தார். நான் வெட்டியதில் இரண்டு குறை சொன்னார்.

மெக்கானிக்கிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லாம் என் வழியாகத்தான். விளக்கை அணைக்கச் சொல்லு, குளித்தாயிற்றா என்று கேளு. மெக்கானிக்கும் அதே வழியில் பதில் அனுப்புகிறார். நடுவில் நின்று எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

இன்றுதான் முதல்முறையாக மூவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். மெக்கானிக் தன் அறையிலிருந்து கொண்டுவந்த முக்காலியில், மாமாவுக்கு நேர் எதிரே. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உப்பு தூக்கலா இருக்கு. அவருக்கும் அப்படித்தான் இருக்கான்னு கேளு."

"ஆமான்னு சொல்லுங்க" என்றார் மெக்கானிக்.

நான் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்கிறது.