எழுபது வளைவும் மெல்லிய டயரும்

டிசம்பர் 2, செவ்வாய்

பனிமூட்டம். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். காலை பஸ்ஸில் வளப்பூர் நாடு போய்ச் சேர்வதற்குள் வழக்கமான குமட்டல். சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற ஆள் நான். ஊரெல்லாம் என்னிடம் வாந்தி மாத்திரை வாங்கிப் போகிறது. எனக்கு மட்டும் அது கேட்பதில்லை.

சைக்கிள் வாங்குவது முடிவு. எந்த அளவு, எந்த பிரேக் என்பதுதான் தெரியவில்லை. ரோடு பைக்தான், மெல்லிய டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். தினமும் செம்மேடு குவார்ட்டர்ஸிலிருந்து வேலைக்கு. சனிக்கிழமை மலையின் எழுபது வளைவும் இறங்கி நாமக்கல் வீட்டுக்கு. சேலம் கடையில் ஒரு சுற்று ஓட்டியபோது குமட்டவே இல்லை. ஸ்கூட்டி வாங்கலாமே என்று கேட்காத ஆளில்லை. பெட்ரோல் வாசனை ஒன்றே எனக்குப் போதும்.

கடைக்காரர் போனில்: "உங்க உயரத்துக்கு சின்ன ஃப்ரேம் ஆர்டர் போட்டாத்தான் வரும் மேடம். டயர் இருபத்தஞ்சு எம்.எம்.மா, கொஞ்சம் அகலமா முப்பத்திரண்டா? டிஸ்க் பிரேக்கா, சாதாவா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்னத்தை யோசிப்பது?

வாரத்தில் ஒரு சனி சாயங்காலமும் ஒரு ஞாயிறும்தான் என் மகள் ஜெனி எனக்கு. மூன்றாம் வகுப்பு. நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அப்பாவை விட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு முன்னே வருவாள். வந்து, நாலடி தள்ளி நிற்பாள். "மொதல்ல வாய் கொப்புளிம்மா." வீட்டுக்குப் போனதும் படுத்துவிடுவேன். எழுந்து பார்த்தால் பிள்ளை தூங்கியிருக்கும், கிடைத்ததில் பாதி போயிருக்கும். இதற்காகவா வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்?

டிசம்பர் 3, புதன்

வெயில். துணி காய்ந்தது.

எங்கள் சின்ன டாக்டர் லீவில் ஊருக்குப் போகிறார். அவரிடம் ரோடு பைக் இருக்கிறது. அவரும் என்னைப்போல் குள்ளம். "ஒரு வாரம் வச்சு ஓட்டுங்கக்கா. அப்புறம் எது வேணும்னு உங்களுக்கே தெரியும்." சாதா பிரேக், இருபத்தைந்து டயர்.

சீட்டை இறக்கியதும் கால் எட்டியது. கைதான் பிரேக்குக்கு எட்டி எட்டிப் பிடிக்கிறது. பழகிவிடும்.

வாங்க: பருப்பு, சோப்பு, சைக்கிள் பம்ப் (எங்கே கிடைக்கும்?).

டிசம்பர் 4, வியாழன்

சைக்கிளில் முதல் நாள் வேலைக்கு. விழுந்தேன்.

சாமை அறுவடை. ரோடு நெடுகக் கதிரும் தாளுமாகப் பரப்பி வைத்திருக்கிறார்கள், பஸ் ஏறி மிதிக்கட்டும் என்று. இத்தனை வருடம் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்ததுதானே, இன்று புத்தியில் ஏறவில்லை. மெல்லிய டயர் வழுக்கிக்கொண்டு போனது. தாள்மேல் விழுந்ததால் அடியில்லை. மானம்தான் போனது.

தாளைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து தூக்கினார்கள். பிறகு ஒரே சிரிப்பு.

"ஏனுங்க மருந்தம்மா, பஸ்ஸு ஏறுனாத்தான் மணி உதுரும். உங்க சக்கரம் நூலாட்டம் இருக்குது, இதுல எங்கீங்க உதுரும்?"

"உட்றீ. ரெண்டு வாட்டி போய்ட்டு வாங்க சாமி, பாப்போம்!"

போய்வந்தேன். எனக்கே சிரிப்பு. ஒரு மணிகூட உதிரவில்லை.

சனிக்கிழமை இதிலேயே மலையிறங்கப் போவதாகச் சொன்னேன். அவர்களில் வயதில் பெரியவள் மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "ஏறயில தள்ளோணும், எறங்கயில புடிக்கோணும். அப்பறம் எப்பங்க ஓட்டுவீங்க?"

டயர் முப்பத்திரண்டு. அதுமட்டும் முடிவாயிற்று.

டிசம்பர் 5, வெள்ளி

மழை. பஸ். வாந்தி.

வீட்டுக்காரர் நாமக்கல்லிலிருந்து பிரேக் பற்றி வரிசையாக வீடியோ அனுப்புகிறார். ஒருவன் டிஸ்க் என்கிறான், அடுத்தவன் வேண்டவே வேண்டாம் என்கிறான். எல்லோருக்கும் நீளமான விரல்.

ஜெனி போனில்: "நாளைக்கு சைக்கிள்லயா வர? அப்ப வந்ததும் தூங்க மாட்டியே?"

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 6, சனி. நாமக்கல்

எழுத்து கோணல். விரல் சொன்னபடி கேட்கவில்லை.

மதியம் பர்மிஷன் போட்டுக் கிளம்பினேன். நல்ல வெயில், காய்ந்த ரோடு. மேல் வளைவுகளில் சந்தோஷமாகத்தான் இருந்தது. குமட்டல் துளிகூட இல்லை. காற்றில் கத்தினேன், யார் கேட்கப் போகிறார்கள்?

போகப் போக விரல்கள் விறைத்தன. எட்டிப் பிடித்துப் பிடித்து, ஒரு வளைவில் பிரேக்கை அழுத்தினால் அழுந்தவில்லை. சுவர் ஓரமாக உரசி நிறுத்தினேன். அழுகை வந்தது, அழுதேன்.

நாமக்கல் பஸ் பக்கத்தில் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "ஏறிக்குங்க மேடம், சைக்கிள மேல போட்டுக்கலாங்க."

ஏறியிருக்கலாம். ஜெனி நாலடி தள்ளி நிற்பது கண்முன் வந்தது. வேண்டாம் என்றேன். மீதி வளைவெல்லாம் நடை, சைக்கிளை இழுத்துப் பிடித்துக்கொண்டே. அந்தப் பெரியவள் பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மோட்டார் பைக்கில் பிள்ளையோடு அடிவாரத்துக்கு, காரவள்ளிக்கே வந்துவிட்டார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜெனி வழக்கம்போலத் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"வாசனையே இல்லம்மா! தூக்கு."

விரல் மடங்கவில்லை. தூக்க முடியவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசைக்குப் போனோம். கும்பிடக் கை சேரவில்லை.

ஜெனி விரல் விரலாகத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள். கடைக்காரருக்குப் போன்: சின்ன ஃப்ரேம், முப்பத்திரண்டு டயர், டிஸ்க் பிரேக், சின்னக் கைக்கு எட்டுகிற மாதிரி. எப்போது வரும்?

"சொல்ல முடியாது மேடம்."

அதுவரை பஸ்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட். டாக்டர் சைக்கிள் பஸ் கூரைமேல், நான் ஜன்னலோரம். ஜெனி எக்கி நின்று எலுமிச்சம்பழம் நீட்டினாள். வாங்கினேன். கையில் நிற்கவில்லை. நழுவி விழுந்து பஸ்ஸுக்கு அடியில் உருண்டது.

"அம்மா, இரு, எடுத்துட்டு வரேன்" என்று குனிந்தாள். அப்பா அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.