உமது அண்ணன் தந்த பிரஷர் மெஷின்

ஹேவாஹெட்ட,
ஞாயிறு காலை.

அன்பின் யசோதினிக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கும் குறையில்லை. இடமாற்றத்துக்குத்தான் இந்த வருடமும் பதிலில்லை.

உமது அண்ணன் தந்த பிரஷர் மெஷின் தினமும் நூற்றெழுபதுக்கு மேல் காட்டியது. என் அப்பாவின் செத்தவீட்டுக்கு வராத மனிதர் தந்த பொருள் வேறெப்படி இருக்கும் என்று மூன்று மாதம் அதை நம்பாமல் இருந்தேன். பழுது என்று நிரூபிக்கவே வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். குளிருக்குச் சுவெட்டரோடு அறையில் எப்படிக் கட்டுவேனோ, அப்படியே கட்டிக் காட்டினேன். தாதி கலாராணி சிரித்துவிட்டார்.

"என்னங்க சார், சுவெட்டருக்கா பிரஷர் பாக்குறீங்க? மொதல்ல கழட்டுங்க."

வெறும் கையில் இரண்டு மெஷினிலும் பார்த்தார். அவர்களுடையது நூற்றைம்பத்திரண்டு, எங்களுடையது நூற்றைம்பது. மெஷினில் பிழையில்லை, பிரஷரும் இருக்கிறது. டொக்டர் ஒரு குளிசை தந்திருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

அரைக்கைச் சேட்டு இரண்டு அனுப்பிவிடும். பட்டியை ஒற்றைக் கையால் சுற்றுவது பெரிய கரைச்சல். நீர் பக்கத்தில் இருந்தால் ஒரு நிமிட வேலை.

கடிதத்தைத் தபாலில் போடப்போகும், என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் வாசலில் நிற்கிறார், கண்டி பஸ் வந்துவிட்டதாம். அண்ணனுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்ல வேண்டாம். மெஷின் சரியாக வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லும்.

இரகுநாதன்