கம்ப்யூட்டரில் இடத்தை அடைத்தது

செவ்வாய், இரவு

கடைக் கம்ப்யூட்டரில் இடமே இல்லை என்று காலையிலேயே முதலாளி குதித்தார். "நீ போடுற டிசைனுங்கதான்மா எல்லாத்தையும் அடைச்சிக்கினு இருக்குது. பழசையெல்லாம் அழிச்சிடு." பட்டுப்புடவைகளுக்கு நான் வரைந்த பார்டர்கள், முந்தானைகள். அந்த ஆளுக்கு அது குப்பை.

நான் அழிக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டராக அளவு பார்த்தேன். என் டிசைன்கள் ஒரு மூலைக்குக்கூட வரவில்லை. மீதி முழுக்க கேமராப் பதிவு. புடவை பீரோவுக்குக் காவல் என்று சொல்லி மாட்டிய கேமரா. திறந்தால் பீரோவே தெரியவில்லை, என் நாற்காலிதான் தெரிகிறது. நான் சாப்பிடுகிறேன், முந்தானையைச் சரிசெய்கிறேன், மேஜையில் தலைவைத்துத் தூங்குகிறேன். மாதக்கணக்கில்.

கடைக்கணக்கைப் பார்க்கும் அவர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பின்னாலேயே அவரும் வந்தார்.

"உன் சேஃப்டிக்குத்தான்மா" என்று இளித்தார்.

"பீரோ அந்தப் பக்கம் இருக்குது சார்" என்றேன்.

அந்த அம்மா ஸ்டூலில் ஏறி, கேமராவை ஒயரோடு பிடுங்கிக் கீழே போட்டார்.

"அது என்ன விலை தெரியுமா உனக்கு?" என்று பதறினார் இவர். பிள்ளையார்பாளையத்தில் இவர் பெரிய மனுஷனாம். தூ.

சாட்சிக்கு ஒரு பதிவை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் என் கையாலேயே அழித்தேன். வேலையை விட மாட்டேன். நான் எதற்கு விட வேண்டும்?

அந்த ஆளின் போனிலும் இருந்தால்? நாளை போனதும் முதலில் அதை வாங்கிப் பார்க்கும்படி அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.