வெள்ளத்துக்கு அரை அங்குலம் மேலே

ஒக்டோபர் 6, திங்கள்

புழுக்கம். மழைக் குணம் இல்லை. காலையில் கேற்றுத் தூணில் போன வருட வெள்ளம் விட்டுப்போன கோட்டை அளந்தேன். வாசலுக்கு முன்னால் ஓடும் ஒழுங்கை நடுவிலிருந்து 23 அங்குலம். தையல் நாடா, இரும்பு நாடா, இரண்டாலும் ஒரே அளவு.

பிறகு பிக்கப். கதவின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 18½. வெள்ளத்துக்கு நாலரை அங்குலம் குறைவு.

மகன் ஜெயன் சனிக்கிழமை ரொறொன்ரோவிலிருந்து கதைத்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். "அம்மா, போன முறை உங்களைக் கதிரையிலை வைச்சு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்ததை நான் பேஸ்புக்கிலை பாத்தனான். இன்னொருக்கா பாக்க என்னாலை ஏலாது." யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். என் சேலைத் தலைப்பு தண்ணீரில் இழுபட்டது. அது எனக்கும் தெரியும்.

அவனுடைய நிபந்தனை: இந்த மாரிக்கு நானாகவே வெளியே போய், நானாகவே திரும்பி வர முடிந்தால் கோப்பாய் வீட்டில் இருக்கலாம். முடியாவிட்டால் ரவுணில் சிஸ்டர்மார் நடத்தும் முதியோர் இல்லம். ஒத்துக்கொண்டேன். வாக்குக் கொடுத்தாயிற்று.

எழுபத்தாறு வயது. இன்னும் நானே வண்டி ஓட்டுகிறேன். வண்டி உயர்ந்தால் போதும்.

கோழித்தீன் முடிந்தது. மருந்துக் குளிசை நாலு கிழமைக்கு உண்டு.

ஒக்டோபர் 9, வியாழன்

வெயில். கராச்சுக்குப் போனேன். மெக்கானிக் அன்ரன், குருநகர். ஐம்பது வயதிருக்கும். என் கணவர் உயிரோடு இருந்த காலத்திலிருந்து இந்த வண்டியைப் பார்ப்பவர். நான் இறங்கும்போது ஒரு பழைய ரயரைப் படியாகக் காலடியில் உருட்டிப் போட்டார். "தேவையில்லை" என்றேன். சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேன்போல. எடுத்துவிட்டார்.

"ரெண்டு இஞ்சு காணும் அம்மா. நாலு உயர்த்தினால் வளைவிலை ஆடும்."

"ரெண்டு போதாது. கணக்கிருக்கு."

"உங்களுக்கு ஏனம்மா உவ்வளவு உயரம்?"

"வெள்ளம் என்னட்டைக் கேட்டே வருது?"

உள்ளே படுத்திருந்த ஒருவர் வண்டிக்கு அடியிலிருந்து சிரித்தார். முகம் தெரியவில்லை.

அன்ரன் சொன்ன வழிகள், குறித்துக்கொண்டேன்:

பின்பக்கம். (1) அச்சுக்கும் வில்லுத் தகடுகளுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைப்பது. மலிவு. (2) பழைய தகடுகளோடு நீளமான ஒரு தகடு கூட்டுவது. (3) முழுத் தகட்டுக் கட்டையும் மாற்றுவது.

முன்பக்கம். முறுக்குக் கம்பியை இன்னும் முறுக்கி உயர்த்துவது. இரண்டு அங்குலம் வரைதான் சரிவரும். நாலு என்றால் புதுக் கம்பியும், அச்சைக் கீழே தாங்கும் இரும்புத் தாங்கிகளும் வேண்டும்.

நாலு மூலைக்கும் நீளமான ஷொக் அப்சோபர். பிரேக் குழாய் நீளமானது. ரயர் பெரிது, அதனால் ஓர் அங்குலம்.

இரும்புக் கட்டை வேண்டாம் என்று அங்கேயே சொன்னேன். உயரமாகக் காட்டுவதற்குக் குதிக்கால் செருப்புப் போடுகிற வேலை அது.

திரும்பும்போது பாணும் வாழைப்பழமும். பாண் நேற்றையது. கடைக்காரர் சத்தியம் பண்ணுகிறார் இன்றையது என்று.

ஒக்டோபர் 13, திங்கள்

முகில். அன்ரன் ரெலிபோனில். "அம்மா, கொழும்புக்காரன் கேக்கிறான், பின்னுக்கு என்ன பாரம் ஏத்துவியள் எண்டு. அதைப் பாத்துத்தான் தகடு குடுப்பான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது?

முன்பு ஏற்றியவை: தேங்காய், மாட்டெரு, உரப்பை, அவருடைய தண்ணீர்ப் பம்பு, ஜெயனின் சைக்கிள், திருவிழாக் காலத்தில் சபைக் கதிரைகள், ஒரு முறை பக்கத்து வீட்டுப் புஷ்பத்தின் பசு.

இப்போது: ஒன்றுமில்லை. கைப்பை, அதுவும் முன் இருக்கையில்.

நூற்றைம்பது கிலோ என்று சொல்ல வாய் வந்தது. பொய்க் கணக்குக் கொடுத்தால் பொய்த் தகடு வரும். நாலு மணிக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன்: "ஒண்டும் ஏத்திறேல்லை."

"ஒண்டுமே இல்லையோ?"

"இல்லை எண்டு சொன்னன்."

அப்படியென்றால் மென்மையான தகடு போதுமாம்.

பிறகு அழுகை வந்தது. காரணம் எழுதத் தேவையில்லை. முகம் கழுவிவிட்டு வரைபடம் வரைந்தேன். நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்த கை, இன்னும் நடுங்கவில்லை. பக்கத்தோற்றம், எட்டில் ஒரு பங்கு அளவு. நீலப் பென்சிலால் வெள்ளக்கோடு 23. சிவப்பால் கதவு விளிம்பு: 18½ + 4 + 1 = 23½.

அரை அங்குலம் வெற்றி. படத்தைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தேன்.

ஒக்டோபர் 18, சனி

தூறல். சாமான்கள் பஸ்ஸில் வந்து சேர்ந்தன. நானே கராச்சில் நின்று ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

தகட்டுக் கட்டு இரண்டு. சரி.
யூ போல்ட் நாலு. சரி.
தாங்கிகள். சரி, பூச்சு ஒரு மூலையில் உரிந்திருக்கிறது.
ஷொக் அப்சோபர் நாலு. மூன்றின் இலக்கம் ஒன்று, நாலாவது வேறு.

அன்ரன்: "நீளம் ஒண்டுதானேயம்மா, பூட்டினால் ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

திருப்பி அனுப்பச் சொன்னேன். இன்னும் ஐந்து நாள் பிந்தும். அடியில் படுத்திருப்பவருக்கு இன்றைக்குத்தான் முகம் உண்டு, மெலிந்தவர், பெயர் ராசு. அன்ரனிடம் சொன்னது காதில் விழுந்தது: "உவ நாசாவிலை வேலை செய்தவவோ?"

எனக்குக் கோபம் வரவில்லை. பல நாளுக்குப் பிறகு நல்ல பசி.

ஒக்டோபர் 25, சனி

எழுத விருப்பமில்லை. எழுதுகிறேன்.

மப்பு. பத்து மணிக்கு ஓட்டோவில் கராச். வண்டி வெளியே நின்றது. இருபத்துமூன்றரை. அளந்தேன். நாலு பக்கமும் சரி. எவ்வளவு நேரான வேலை! அன்ரனைப் பாராட்டினேன். வண்டித் திறப்பை வாங்கினேன். கதவைத் திறந்தேன்.

வலது கால் எழும்பவில்லை.

மற்றக் காலை முயன்றேன். இடது முழங்கால் அந்த அளவுக்கு மடிய மறுத்தது. சேலையை எவ்வளவுதான் தூக்கலாம்? கைபிடியைப் பிடித்து இழுத்தேன். கால் விளிம்பில் பட்டு வழுக்கியது. மூன்றாம் முறை முயலும்போது திரும்பிப் பார்த்தேன். அன்ரன், ராசு, ஓட்டோக்காரர், மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் சுவரிலுள்ள கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்ரன் மெதுவாக வந்தார். "எனக்குத் தெரியுமம்மா. முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை?"

"உங்கடை காலைப் பற்றி நான் எப்பிடியம்மா வாய் திறக்கிறது? ஏறிக் காட்டுங்கோ எண்டு உங்களைக் கேக்கேலுமே?"

கேட்டிருக்க முடியாதுதான். கேட்டிருந்தால் அவரை நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

கந்தோரில் பாலம் வரைந்தால் அளவு தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு சிறு மனிதனை வரைவார்கள். நான் ஒருநாளும் வரைந்ததில்லை. சின்னப்பிள்ளை வேலை என்று நினைத்தேன். என் படத்தில் வெள்ளம் இருக்கிறது, வண்டி இருக்கிறது, நான் இல்லை.

வண்டியை அன்ரன் ஓட்டி வந்தார். அதன் பின்னால் நான் ஓட்டோவில்.

புஷ்பம் வேலிக்கு மேலால்: "அக்கா, இது வண்டியோ மாடி வீடோ? மேல வாடகைக்கு அறை கிடக்கோ?" சிரித்து வைத்தேன்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

மழை தொடங்கிவிட்டது. அன்ரன் கதவுக்குக் கீழே ஒரு மிதிபடி பூட்டிவிட்டார். காசு வேண்டாம் என்றார். கொடுத்தேன்.

ஏறுவது: இரண்டாம் முறையில் முடிந்தது. கைபிடி, மிதிபடி, மூச்சைப் பிடித்து ஓர் இழுவை.

இறங்குவது: முடியாது. கீழே போகும் கால் தரையைத் தேடுகிறது, மேலே நிற்கும் முழங்கால் உடம்பைத் தாங்குவதில்லை. அரை மணித்தியாலம் உள்ளேயே இருந்து யோசித்தேன். பிறகு வண்டியைக் கிணற்றடிக்கு ஓட்டி, சீமெந்துக் கட்டோடு அணைத்து நிறுத்தி, கட்டில் கால் வைத்து இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை.

இப்படிச் சமாளிக்கலாம்.

ஒக்டோபர் 30, வியாழன்

நாள் முழுக்க மழை. ஒழுங்கையில் தண்ணீர், தூணில் 15. கிணற்றடியில் ஏறி, றோட்டு வரை போய், திருப்பி வந்தேன். எஞ்சின் ஒரு முறைகூட இருமவில்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போயிற்று. புஷ்பத்தின் புருஷன் வேலியில் நின்று கை தட்டினார்.

ஜெயனுக்குச் செய்தி அனுப்பினேன்: போய் வந்தேன். அவன் பெருவிரல் படம் ஒன்று அனுப்பினான்.

தேங்காய்ச் சம்பல், பாண். இரண்டு துண்டு கூடவே சாப்பிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை. தண்ணீர் 18. ஆராதனைக்குப் போனேன்.

வழியில் ஓட்டோக்கள் எல்லாம் நின்றுவிட்டன. நான் போனேன். சபை வளவில் போய் நிறுத்திக் கதவைத் திறந்தபோதுதான் பார்த்தேன், அங்கே கிணற்றடி இல்லை. படி இருக்கிறது, ஆனால் பூச்சாடிகளுக்கு அப்பால். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மதிலும் உயரம். கதவைச் சாத்திவிட்டு இருந்தேன்.

போதகரின் மனைவி குடையோடு ஓடி வந்தா. "அன்ரி, மணி அடிச்சாச்சு. உள்ளுக்கு வாங்கோவன்."

"இஞ்சை காத்து நல்லாயிருக்கு பிள்ளை. நீர் போம்."

கண்ணாடியெல்லாம் மழை. அவ என்னைப் பார்த்தா, காற்றைப் பார்த்தா, போனா.

பாட்டு வெளியே கேட்டது. பிரசங்கம் கேட்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. ஐம்பத்தாறு வருடமாக முழங்காலில் நின்று வாங்கியிருக்கிறேன், கடைசி மூன்று வருடம் நின்றபடி. எல்லாரும் வாங்கி முடிந்த பிறகு போதகர் அங்கியோடு வெளியே வந்தார். பின்னால் ஒருவர் குடை பிடித்தார். கையில் அப்பத் தட்டும் திராட்சை இரசக் கிண்ணமும். நேரே என் வண்டிக்கு.

படுக்கையில் கிடப்பவர்களுக்குத்தான் வெளியே கொண்டு போவார்கள்.

அவர் கீழே நின்று கையை உயர்த்தினார். எட்டவில்லை. நான் ஜன்னலால் குனிந்து வாங்கினேன். அப்பத்தில் மழை பட்டிருந்தது. வாசலில் சபை முழுக்க நின்று பார்த்தது. ஒருவரும் கதைக்கவில்லை, அதுதான் பெரிய மரியாதை என்று நினைத்தார்கள்.

போதகர் சொன்னார், மிகவும் அன்பாக: "அன்ரி, ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்கே கொண்டுவந்து தந்திருப்பனே. இனி மாதம் மாதம் வாறன்."

நன்றி சொன்னேன்.

பாமசிக்குப் போக வேண்டும், குளிசை முடிந்துவிட்டது. முன்னால் நிறுத்தினேன். இறங்காமல் திரும்பி வந்தேன். இந்தக் குடாநாட்டில் நான் இறங்கக்கூடிய ஒரே இடம் என் கிணற்றடி.

நவம்பர் 3, திங்கள்

அன்ரன் வந்து பார்த்தார். வண்டியை இரண்டு அங்குலம் கீழே பதிக்கலாமாம், அடுத்த திங்கள் கொண்டுவந்தால் வியாழன் தருவாராம்.

"பதிச்சால் எனக்கு எட்டும். வெள்ளத்துக்குப் போதாது."

"ஒரு றைவர் பிடிப்பம் அம்மா. தெரிஞ்ச பிள்ளையொண்டு இருக்கு."

"அவர் ஓட்டுவார். என்னை ஆர் இறக்கிறது?"

அன்ரன் ரயருக்குக் காற்றுப் பார்த்துவிட்டுப் போனார். காற்று சரியாகத்தான் இருந்தது.

குளிசையைப் புஷ்பம் வாங்கி வந்தா.

நவம்பர் 5, புதன்

மழை. 20. ஜெயன் எடுத்தான்.

"என்னம்மா, சேர்ச்சுக்கும் போய் வந்தியளாம். வண்டி கலக்குதோ?"

ஓம் என்று சொல்லலாம். போனேன், வந்தேன், ஒருவரும் தூக்கவில்லை. அவன் கேட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் அது சரியான பதில். இலக்கம் மாறிய ஷொக் அப்சோபரும் நீளத்தில் சரியாகத்தான் இருந்தது.

சொன்னேன். ஏறுவது, இறங்குவது, கிணற்றடி, ஜன்னலால் வாங்கிய திருவிருந்து. எல்லாம். வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

ஜெயன்: "அம்மா, உங்களை ஆரும் கேக்கேல்லையே. ஏன் சொன்னனீங்கள்?" அழுகிறான் என்று தெரிந்தது.

"வாக்குக் குடுத்தனான்."

"இல்லத்துக்கு நான் கதைக்கட்டோ?"

"நானே கதைக்கிறன். வண்டியிலை ஒரு பிழையும் இல்லை. வாங்கிறவனுக்கு அதைச் சொல்லு."

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டிருக்கிறது. தண்ணீர் 19. கோழிகள் புஷ்பத்துக்கு. சொல்லிவிட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று அழுதுகொண்டே கூடு வைக்கும் இடத்தைப் பார்த்தா.

பத்து மணிக்கு இல்லத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். சிஸ்டர் இளையவ, நல்ல குரல். இடம் இருக்கிறதாம். கீழே எல்லாம் நிறைந்துவிட்டது, மேல் மாடியில் ஓர் அறை, ஜன்னலால் வாகை மரம் தெரியுமாம்.

எத்தனை படி என்று கேட்டேன். ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் என்றும் கேட்டேன்.

ஒருநாளும் எண்ணிப் பார்க்கவில்லை, அளந்துவிட்டு எடுக்கிறேன் என்றா. மணி ஐந்தாகிறது. இன்னும் எடுக்கவில்லை.