சின்ன கிளாஸில் பாதிக் காப்பி

அடுத்த கட்டில் மும்தாஜ் அக்காவுக்கு,

சுகமா என்று உன்னைக் கேட்க முடியாது. என்னைக் கேட்டால், அலுத்துவிட்டது அக்கா. தேனியில் டயாலிசிஸுக்கு நீ படுத்த கட்டிலில் இப்போது ஒரு சின்னமனூர்க்காரர் படுக்கிறார். வாயே திறக்க மாட்டார். போன முறை நான் போகவில்லை. ஊசியைக் குத்திக்கொண்டு யாரோடு பேசிக் கிடப்பது?

முதல் நாள் உன்னை ‘நீங்க’ என்றேன். “ரெண்டு பேரு ரத்தமும் பக்கத்துப் பக்கத்துல ஓடுது, இன்னும் என்ன நீங்க? நீன்னே சொல்லு” என்றாய்.

ஊர் இன்னும் திருந்தவில்லை. கோம்பையிலிருந்து என் நாத்தனார் தோட்டத்து இளநீரும் வாழைத்தாருமாக வந்து இறங்கினார். நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுபோகும் என்றேன். “இளநி குடிச்சு எவ செத்தா?” என்றார். அப்புறம் ஒரு செம்பு நிறையக் கருப்பட்டிக் காப்பி. “டாக்டரு சீனியத்தானே வேண்டாம்னாக, இது உடம்புக்கு நல்லது.”

கருப்பட்டியிலும் அதே பொட்டாசியம்தான். ஒரு செம்பு என்பது டாக்டர் எனக்கு அளந்து விட்ட ஒரு நாள் தண்ணீரில் பாதி. இதையெல்லாம் எத்தனை பேருக்குச் சொல்வது? நீ இருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்போம். தனியாக இருக்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

நேற்று உத்தமபாளையத்தில் உன் வீட்டுக்குப் போனேன். இனிமேல் மெஷினுக்குப் போவதில்லை என்ற முடிவோடுதான் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் உன் மகள் ரஹ்மத் பெரிய டம்ளரில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கையை நீட்டிவிட்டேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

“சின்னம்மா, காலு ஏன் இப்படி வீங்கிக் கெடக்கு? மெஷினுக்குப் போகலையா?”

காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உன் சின்ன கிளாஸோடு வந்தாள். அதில் பாதிதான் காப்பி.

“அம்மா இம்புட்டுத்தான் குடிப்பாக. இது போதும். நாளைக்கு நான் கூட வாரேன், அங்கன உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். எங்கம்மாவ விட்டுட்டேன், உங்களையும் விட முடியாது.”

முதலில் மோந்து பார்த்தேன். “மோந்து பாக்குறதுக்கு டாக்டரு அளவு சொல்லல” என்பாயே, அப்படி. பிறகு அழுதேன். நீ இருந்திருந்தால், “அழு, அதுலயாவது கொஞ்சம் தண்ணி வெளிய போகட்டும்” என்றிருப்பாய்.

அலுப்பு போகவில்லை அக்கா, பொய் சொல்ல மாட்டேன். இதை எழுதும்போது வாசலில் ஆட்டோ நிற்கிறது. ரஹ்மத் உள்ளே உட்கார்ந்து கூப்பிடுகிறாள். போகிறேன். அடுத்த முறையும் போவேன். உன் கிளாஸ் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு வாய் குடிக்க மாட்டேன்.

உன்னோடு பிறக்காத தங்கச்சி,
ஜோஸ்பின்